வீடு கைமாறும் வேளையில் சட்டம்: ஆஸ்திரேலிய இல்ல நீச்சல்குள வேலிச் சட்டங்களின் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

நீச்சல்குளம் உள்ள வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ விரும்புவோர், குளத்தைச் சுற்றிய வேலி உரிய தரத்தில் உள்ளது என்னும் சான்றிதழைப் பெற வேண்டும் என்ற விதி குயின்ஸ்லாந்தில் 2010ஆம் ஆண்டிலும் நியூ சவுத் வேல்ஸில் 2016ஆம் ஆண்டிலும் நடைமுறைக்கு வந்தது. குழந்தைகள் நீரில் மூழ்கி இறப்பதைத் தடுக்கும் பொதுநலச் சட்டம் ஒன்று, சொத்துரிமை மாற்ற ஆவணங்களுக்குள் வந்து சேர்ந்த வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. 1990-1992 காலத்தில் நியூ சவுத் வேல்ஸில் நிகழ்ந்த அரசியல் பின்வாங்கலே இவ்வழியைத் திறந்தது என்பதும், அவ்வழியின் எல்லைகள் அப்பின்வாங்கலின் எல்லைகளே என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: நீச்சல்குள வேலி, இணக்கச் சான்றிதழ், சொத்துரிமை மாற்றம், வாடகைச் சட்டம், நியூ சவுத் வேல்ஸ், குயின்ஸ்லாந்து.

முன்னுரை

2016 ஏப்ரல் 29 முதல் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் வீடு விற்கும் ஒப்பந்தத்துடன் இணைக்கப்பட வேண்டிய தாள்களின் வரிசையில் புதிய தாள் ஒன்று சேர்ந்தது. உரிமைப் பதிவேட்டின் படி, நில வரைபடம், திட்டமிடல் சான்றிதழ், கழிவுநீர்க் குழாய் வரைபடம் ஆகியவற்றோடு, வீட்டில் குளம் இருப்பின் அதன் வேலி பற்றிய சான்றிதழும் இருந்தாக வேண்டும். முன்னவை யாவும் வாங்குபவரின் பணத்தைக் காப்பவை. கடைசியாகச் சேர்ந்த தாள் வாங்குபவரைக் காப்பதன்று. அது காக்க முனைவது ஒப்பந்தத்தில் கையொப்பமிடாத, பெரும்பாலும் கையொப்பமிடவே அறியாத, ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தையை. அண்டை வீட்டிலிருந்து தவழ்ந்து வந்த குழந்தையாகவும் அது இருக்கலாம்.

ஒரு குழந்தையின் உயிர்ப் பாதுகாப்பைச் சொத்து விற்பனையின் ஆவணக் கட்டில் சேர்க்க நேர்ந்தது ஏன்? வேலி வேண்டும் என்றால் அதை எல்லாக் குள உரிமையாளர்களும் உடனே கட்ட வேண்டும் என ஆணையிடுவதன்றோ நேர்வழி? அந்நேர்வழியை மாநிலம் ஒருமுறை முயன்று பார்த்தது. அது தோற்ற கதையிலிருந்தே இவ்வரலாற்றைத் தொடங்க வேண்டும். அதற்கு முன், வேலி என்னும் எளிய பொருள் எவ்வாறு மருத்துவ ஆய்வின் முடிவாக உருப்பெற்றது என்பதைக் காண்பது தேவையாகிறது.

கொல்லைப்புறக் குளமும் பிரிஸ்பேன் ஆய்வுகளும்

இரண்டாம் உலகப்போருக்குப் பிந்திய தலைமுறைகளில் ஆஸ்திரேலியப் புறநகர் வீடுகளின் கொல்லைப்புறத்தில் நீச்சல்குளம் பரவியது. செல்வரின் அடையாளமாயிருந்த குளம் நடுத்தரக் குடும்பத்தின் கோடைகால வசதியாக மாறியது. நடக்கத் தொடங்கிய குழந்தையின் எட்டும் தொலைவில் ஆழ்நீர் வந்து சேர்ந்ததும் அக்காலத்திலேயே. தென் ஆஸ்திரேலியா 1972ஆம் ஆண்டிலேயே நீச்சல்குளப் பாதுகாப்புக்கெனத் தனிச்சட்டம் இயற்றியது. ஏனைய மாநிலங்களில் பொறுப்பு நெடுங்காலம் உள்ளாட்சி மன்றங்களின் துணைவிதிகளிடமே விடப்பட்டிருந்தது.

இச்சிக்கலை அறிவியல் முறையில் அணுகியோருள் முதன்மையானவர் பிரிஸ்பேன் நகரக் குழந்தை மருத்துவர் ஜான் பேர்ன். அவரும் ஜேம்ஸ் நிக்சனும் 1970களில் நடத்திய ஆய்வுகள், குழந்தை மூழ்குவதைத் தற்செயலான விதியாகக் கருதாமல், தடுக்கத்தக்க நிகழ்வாகக் கணக்கிட்டன. 1977ஆம் ஆண்டில் 'மெடிக்கல் ஜர்னல் ஆஃப் ஆஸ்திரேலியா' இதழில் அவர்கள் வெளியிட்ட கட்டுரைகள் பின்வந்த விவாதத்திற்கு அடித்தளமாயின. பெற்றோரின் கவனக்குறைவே காரணம் என்னும் பொதுவான பேச்சுக்கு இவ்வாய்வுகள் வேறொரு விடையைத் தந்தன. சிறு குழந்தை மூழ்கும்போது கூவுவதில்லை; நீரை அடித்துத் துழாவி எவரையும் அழைப்பதுமில்லை. தொலைபேசியை எடுக்கச் சென்ற தாய் திரும்பி வரும் நேரம் அதற்குப் போதும். ஆகவே கண்காணிப்பை மட்டும் நம்பும் எந்தத் திட்டமும், மனிதர் ஒரு கணமும் தவறமாட்டார் என்னும் கற்பனையின் மேல் எழுப்பப்பட்டதாகும். வேலி, அத்தவறும் கணத்திற்கான ஏற்பாடு.

1991ஆம் ஆண்டில் பிட், பலாண்டா ஆகிய இருவரும் பிரிஸ்பேன் குழந்தைகளைப் பற்றி வெளியிட்ட ஆய்வு இதற்கு எண்ணளவில் வலுச்சேர்த்தது. வேலியில்லாத குளத்தில் குழந்தை எதிர்பாராது இறங்கி மூழ்கும் இடர், வேலியுள்ள குளத்தின் இடரைவிட 3.76 மடங்கு என அது கண்டது. எத்தகைய வேலி என்பதே அடுத்த வினா. வீட்டின் சுவர் நான்காம் பக்கமாக அமைய, ஏனைய மூன்று பக்கங்களில் மட்டும் எழுப்பப்படும் முப்புற வேலி, தெருக்குழந்தையைத் தடுக்கும். அவ்வீட்டுக் குழந்தையைத் தடுக்காது. சமையலறையின் பின்கதவு திறந்திருந்தால் குளத்திற்கும் குழந்தைக்கும் இடையே எதுவுமில்லை. மூழ்கும் சிறு குழந்தைகளுள் பலர் அவ்வீட்டுக் குழந்தைகளே. 1998ஆம் ஆண்டில் தாம்சன், ரிவாரா இருவரும் காக்ரேன் தொகுப்பாய்வாக வெளியிட்டதில், வேலியில்லாக் குளத்தோடு ஒப்பிட வேலியுள்ள குளத்தின் வாய்ப்பு விகிதம் 0.27 எனவும், முப்புற வேலியோடு ஒப்பிட நாற்புற வேலியின் வாய்ப்பு விகிதம் 0.17 எனவும் கணக்கிடப்பட்டது. தொகுக்கப்பட்ட ஆய்வுகள் எண்ணிக்கையில் சிலவே எனினும், அவை சுட்டிய திசை ஒன்றே. வீட்டையும் குளத்தையும் பிரிக்கும் நாற்புற வேலியே பயன்தருவது.

தரநிர்ணயம் இதற்கு இணையாக வளர்ந்தது. ஏஎஸ் 1926 எனப்படும் ஆஸ்திரேலியத் தரம் 1986இல் வெளிவந்தது. பின்னர் 2007இலும் 2012இலும் திருத்தம் பெற்றது. வேலியின் உயரம் குறைந்தது 1.2 மீட்டர், வேலிக்கும் தரைக்கும் இடையிலான இடைவெளி 100 மில்லிமீட்டரை மிஞ்சக்கூடாது, கதவு குளத்திற்கு வெளிப்புறமாகத் திறந்து, விட்டவுடன் தானே மூடித் தானே தாழிட்டுக்கொள்ள வேண்டும், மறைப்பற்ற தாழ்ப்பாள் தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். ஏறுவதற்கு உதவும் கிளையோ தொட்டியோ குறுக்குச் சட்டமோ இல்லாத 900 மில்லிமீட்டர் வெற்றிடம் இருக்க வேண்டும். இவ்வளவுகள் குழந்தையின் உடலிலிருந்து பெறப்பட்டவை. நான்கு வயதுக் குழந்தையின் கை எவ்வளவு எட்டும், தலை எதற்குள் நுழையும் என்பவையே அளவுகோல்கள். சட்டத்தின் சொற்களுக்குள் ஒரு குழந்தையின் உருவம் மறைந்து நிற்கிறது எனலாம்.

1990-1992: முன்னேற்றமும் பின்வாங்கலும்

நியூ சவுத் வேல்ஸின் முதல் நீச்சல்குளச் சட்டம் 1990 ஆகஸ்ட் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. மருத்துவர்கள் வேண்டிய கொள்கையை அது ஏற்றது. புதிதாகக் கட்டப்படும் குளங்களோடு நில்லாமல், முன்பே இருந்த குளங்களும் வீட்டிலிருந்து வேலியால் பிரிக்கப்பட வேண்டும் என்றது. எதிர்ப்பு உடனே எழுந்தது. எதிர்த்தோர் குழந்தைகளின் உயிரைப் பொருட்படுத்தாதவர் என்று சொல்லிவிட இயலாது. தம் வீட்டில் குழந்தையே இல்லாதவர், வயது முதிர்ந்தவர், சட்டப்படி ஒப்புதல் பெற்றுக் கட்டிய குளத்தைப் பின்னாளில் வந்த சட்டம் குற்றமாக்குவது அறமா எனக் கேட்டவர் ஆகியோர் அவர்களுள் இருந்தனர். தோட்டத்தின் அழகு கெடும், வீட்டின் மதிப்புக் குறையும் என்னும் வாதங்களும் ஒலித்தன. கேரி, சாப்மன், காஃப்னி ஆகியோர் 1994ஆம் ஆண்டில் இப்போராட்டத்தைப் பொதுச்சுகாதாரப் பரப்புரையின் வரலாறாக எழுதியபோது, 'குழந்தைகளின் உயிரா, தோட்டத்தின் அழகா' என்னும் பொருள்படத் தலைப்பிட்டது இதனாலேயே. அத்தலைப்பு ஒரு தரப்பின் சொல் என்பதையும் ஆய்வாளர் மறத்தலாகாது. எதிர்த்தரப்பினர் இவ்வினாவைச் சொத்துரிமை பற்றியதாகவே முன்வைத்தனர்.

அரசு பின்வாங்கியது. 1992ஆம் ஆண்டின் நீச்சல்குளச் சட்டம் 1990க்கு முந்திய குளங்களுக்கு விலக்களித்தது. 1990 ஆகஸ்ட் 1க்கு முன் கட்டப்பட்ட குளத்திற்கு, வீட்டிலிருந்து குளத்திற்குச் செல்லும் கதவுகளும் சன்னல்களும் குழந்தை திறக்க இயலாதவையாக இருந்தால் போதும் என்றாயிற்று. 230 சதுர மீட்டருக்குக் குறைந்த மனைகள், 2 ஹெக்டேரும் அதற்கு மேலும் பரப்புள்ள மனைகள், நீர்நிலைக் கரையிலுள்ள மனைகள் ஆகியவற்றிற்கும் விலக்குகள் கிடைத்தன. ஆற்றங்கரையில் வீடிருந்தால் ஆற்றுக்கு வேலியில்லாதபோது குளத்திற்கு மட்டும் ஏன் என்னும் தருக்கம் கடைசி விலக்கின் பின்னணியில் இருந்தது. கேட்பதற்குப் பொருத்தமாகத் தோன்றும் இத்தருக்கம், ஆறு வீட்டுப் படியிலிருந்து நான்கடி தொலைவில் இருப்பதில்லை என்பதைக் கருதவில்லை. இவ்விலக்குகள் புதிய குளங்களைப் பொறுத்தவரை 2010 ஜூலை 1 முதல் நீக்கப்பட்டன. பழைய குளங்களுக்கு அவை தொடர்ந்தன.

இப்பின்வாங்கல் அடுத்த இருபது ஆண்டுக்கால அரசியலை வரையறுத்தது. ஒப்புதலுடன் கட்டப்பட்ட குளத்தின் உரிமையாளரை, அவர் வீட்டில் அமைதியாக வாழ்ந்துகொண்டிருக்கும்போது, நேரடியாகக் கட்டாயப்படுத்துவது வாக்குகளை இழக்கச் செய்யும் என்னும் பாடத்தை ஆள்வோர் கற்றுக்கொண்டனர். வீட்டுக்குள் நுழைய வேறு வாயில் தேவைப்பட்டது.

விற்பவரின் கடமை என்னும் பழைய வாயில்

ஆங்கிலப் பொதுச்சட்டத்தின் மரபில் நிலம் வாங்குபவர் தாமே விழிப்பாயிருக்க வேண்டும். உரிமைப் பத்திரத்தில் குறையிருந்தால் விற்பவர் சொல்ல வேண்டும். கூரை ஒழுகுவதைச் சொல்ல வேண்டியதில்லை. இந்தியாவின் 1882ஆம் ஆண்டுச் சொத்துரிமை மாற்றச் சட்டம் இம்மரபிலிருந்து சற்று விலகி, விற்பவர் அறிந்ததும் வாங்குபவர் சாதாரணக் கவனத்தால் கண்டறிய இயலாததுமான முக்கியக் குறையை விற்பவர் வெளிப்படுத்த வேண்டும் என 55ஆம் பிரிவில் கூறுகிறது. குத்தகை குறித்து 108ஆம் பிரிவும் இத்தகைய கடமையை விதிக்கிறது. ஆனால் இந்த விரிந்த விதியும் குள வேலியைத் தொடாது. தாழ்ந்த வேலியும் மூடாத கதவும் மறைந்த குறைகள் அல்ல. வீட்டைப் பார்வையிட வருபவர் எவரும் கண்ணால் காணக்கூடியவை. இடர் யாருக்கு என்பதும் இங்கு வேறு. கூரை ஒழுகினால் நனைபவர் வாங்கியவர். வேலி பழுதானால் இழப்பு, ஒப்பந்தத்தில் இடம்பெறாத மூன்றாம் நபருக்கு. ஆகவே தனியார் சட்டத்தின் மரபான கருவிகளால் இதற்குத் தீர்வு காண இயலாது. சட்டமன்றமே ஆவணத்தைப் படைக்க வேண்டியிருந்தது.

அதற்கான களம் ஆயத்தமாகவே இருந்தது. 1858ஆம் ஆண்டில் தென் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய டோரன்ஸ் முறை, நில உரிமையை அரசின் பதிவேட்டில் நிலைநிறுத்தியது. பத்திரங்களின் சங்கிலியைத் தேடும் வேலை குறைந்தது. பதிவேட்டில் எழுதப்படாத செய்திகளை விற்பவர் தரவேண்டும் என்னும் எதிர்பார்ப்பு அதனருகே வளர்ந்தது. நியூ சவுத் வேல்ஸின் 1919ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டத்தின் 52ஏ பிரிவும் அதன்கீழ் 1986இல் வந்த ஒழுங்குவிதிகளும், குறிப்பிட்ட ஆவணங்களை இணைக்காமல் வீட்டை விற்பனைக்கு வைக்கக்கூடாது என்றன. இணைக்கத் தவறினால் வாங்குபவர் ஒப்பந்தப் பரிமாற்றத்திலிருந்து 14 நாட்களுக்குள் ஒப்பந்தத்தை முறிக்கலாம். குளச் சான்றிதழ் வந்தபோது, இந்தப் பட்டியலில் ஒரு வரியைக் கூட்டுவதே போதுமானதாயிற்று. புதிய காவலர் படையோ புதிய நீதிமன்றமோ வேண்டியதில்லை. ஒப்பந்தம் முறிந்துவிடும் என்னும் அச்சமே விற்பவரின் வழக்கறிஞரைக் கண்காணிப்பாளராக்கியது. இச்சிக்கனமே இம்முறையின் பெருங்கவர்ச்சி.

அரசியல் நோக்கிலும் இத்தருணம் ஏற்றது. விற்பவரின் கையில் பணம் வரவிருக்கிறது. வேலிச் செலவு விற்பனை விலையின் சிறு துளி. வாடகைக்கு விடுபவர் அவ்வீட்டால் வருவாய் ஈட்டுகிறார். இருவரும் அரசின் பதிவையும் சட்டத்தின் பாதுகாப்பையும் அந்நேரத்தில் நாடி நிற்பவர்கள். அமைதியாக வாழும் உரிமையாளரைப் போல அவர்களால் 'என்னைத் தனியே விடுங்கள்' என்று கேட்க இயலாது. தென் ஆஸ்திரேலியாவும் இவ்வழியைக் கையாண்டது. அங்கு 1993 ஜூலை 1க்கு முன் கட்டப்பட்ட குளத்துடன் கூடிய வீடு விற்கப்படும்போது, விற்பனை நிறைவேறும் முன் வேலி மேம்படுத்தப்பட வேண்டும்.

குயின்ஸ்லாந்து: கைமாற்றமும் காலக்கெடுவும்

குயின்ஸ்லாந்தின் சீர்திருத்தம் இரண்டு கட்டங்களாக வந்தது. 2009 டிசம்பர் 1 முதல் புதிய குளங்களுக்கும், 2010 டிசம்பர் 1 முதல் ஏற்கெனவே இருந்த குளங்களுக்கும் அது பொருந்தியது. குளம் கட்டப்பட்ட ஆண்டையும் இடத்தையும் பொறுத்து வழங்கிவந்த பதினொரு வகைத் தரங்கள் நீக்கப்பட்டு ஒரே தரம் நிறுவப்பட்டது. 1990க்கு முந்திய குளம், பிந்திய குளம் என்னும் பாகுபாடு இங்கு நிலைக்கவில்லை. வீட்டிலிருந்து நேரே குளத்திற்குத் திறக்கும் குழந்தைத்தடைக் கதவுகளும் இத்தரத்தின்கீழ் ஏற்கப்படவில்லை.

இதன் நுட்பம் கால ஏற்பாட்டில் உள்ளது. பழைய குளத்தின் உரிமையாளர், வீட்டை விற்கும்போதோ வாடகைக்கு விடும்போதோ, இல்லையேல் 2015 நவம்பர் 30க்குள், எது முந்தியதோ அதற்குள் புதிய தரத்தை எட்ட வேண்டும். கைமாற்றம் இங்கு வேலையை ஐந்தாண்டுகளுக்குப் பரப்பி வைக்கும் கருவி மட்டுமே. ஆய்வாளர்களின் பற்றாக்குறை ஒரே நாளில் வெடிக்காமல், சந்தையின் இயல்பான ஓட்டத்தில் குளங்கள் ஒவ்வொன்றாகச் சோதனைக்கு வந்தன; கைமாறாமல் எஞ்சியவற்றைக் காலக்கெடு பிடித்துக்கொண்டது. சான்றிதழ் தனிவீட்டுக் குளத்திற்கு இரண்டாண்டும், அடுக்ககங்கள் போன்றவற்றின் பொதுக்குளத்திற்கு ஓராண்டும் செல்லும். சான்றிதழின்றி விற்பவர் அதனை உரிய படிவத்தில் அறிவிக்க வேண்டும். வாங்குபவர் விற்பனை நிறைவுற்ற நாளிலிருந்து 90 நாட்களுக்குள் சான்றிதழ் பெற வேண்டும்.

நியூ சவுத் வேல்ஸ்: இருமுறை தள்ளிப்போன நாள்

நியூ சவுத் வேல்ஸ் 2012ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தால் இவ்வழியில் இறங்கியது. மாநிலம் முழுவதற்குமான இணையவழிப் பதிவேடு உருவானது. உரிமையாளர் அனைவரும் தம் குளத்தைப் பதிய வேண்டும். மூன்று லட்சத்திற்கும் மேற்பட்ட இல்லக் குளங்கள் உள்ள மாநிலத்தில், எங்கே குளம் இருக்கிறது என்பதையே அரசு அதுவரை முழுமையாக அறிந்திருக்கவில்லை என்பது இப்பதிவேட்டால் வெளிப்பட்ட செய்தி. உள்ளாட்சி மன்றங்கள் ஆய்வுத் திட்டம் வகுக்க வேண்டும். சுற்றுலா விடுதிகளின் குளங்களையும் இரண்டுக்கு மேற்பட்ட குடியிருப்புகளுக்குப் பொதுவான குளங்களையும் மூன்றாண்டுக்கு ஒருமுறையேனும் சோதிக்க வேண்டும். தனிவீடுகளைப் பொறுத்தவரை விற்பனையும் வாடகையுமே சோதனைக்கான முதன்மைத் தருணங்களாயின.

விற்பனை, வாடகை பற்றிய விதி 2014 ஏப்ரல் 29இல் தொடங்கவேண்டியிருந்தது. அது முதலில் ஓராண்டும், பின்னர் மீண்டும் ஓராண்டும் தள்ளிவைக்கப்பட்டது. சோதனைக்கு வந்த குளங்களுள் பெரும்பாலானவை முதல் சோதனையில் தேறவில்லை. மன்றங்களிடம் போதிய ஆய்வாளர் இல்லை. குறையைச் சீர்செய்து மறுசோதனை முடியும்வரை விற்பனைகள் நின்றுவிடும் என்னும் அச்சம் சந்தையில் இருந்தது. இவ்விடைக்காலத்தில் மைக்கேல் லாம்பர்ட் தலைமையில் குள வேலி விதிகள் பற்றிய தனி மறுஆய்வு 2015இல் நடத்தப்பட்டது. ஆய்வுக் கட்டணம் முதல் சோதனைக்கு 150 டாலர், மறுசோதனைக்கு 100 டாலர் என உச்சவரம்பு இடப்பட்டிருந்ததால், மன்றங்களுக்கு இது இலாபம் தரும் பணியாகவும் இருக்கவில்லை. உரிமம் பெற்ற தனியார் சான்றளிப்பாளர்களும் சோதிக்கலாம் என்னும் ஏற்பாடு இந்நெருக்கடியைத் தணித்தது.

2016இல் விதி இறுதியாக நடைமுறைக்கு வந்தபோது, விற்பவருக்கு மூன்றாவது வழி ஒன்று தரப்பட்டிருந்தது. மூன்றாண்டு செல்லும் இணக்கச் சான்றிதழையோ, புதிய குளமாயின் அதற்குரிய பயன்பாட்டுச் சான்றிதழையோ இணைக்கலாம். இரண்டும் இல்லையெனில் இணக்கமின்மைச் சான்றிதழை இணைக்கலாம். கடைசித் தாள், இவ்வேலி இன்னின்ன வகையில் குறையுடையது என ஆய்வாளர் எழுதித் தருவது. அதனுடன் வீட்டை வாங்குபவர் விற்பனை நிறைவேறிய நாளிலிருந்து 90 நாட்களுக்குள் குறைகளைக் களைய வேண்டும். தள்ளிவைப்புகளுக்குக் காரணமான தேக்கத்தை இது நீக்கியது. அதே வேளையில், ஆய்வாளரே குறையுடையது எனக் கையொப்பமிட்ட குளத்தருகே, பெரும்பாலும் இளம் குழந்தைகளுடன் குடிவரும் குடும்பம் ஒன்று மூன்று மாதங்கள் சட்டப்படியே வாழலாம் என்னும் நிலையையும் உருவாக்கியது. டிசம்பரில் குடிபுகுந்தால் அம்மூன்று மாதம் தென்கோளக் கோடை முழுவதுமாகும்.

வாடகையில் சட்டம் இந்நெகிழ்ச்சியைக் காட்டவில்லை. குளமுள்ள தனிவீட்டை வாடகைக்கு விட இணக்கச் சான்றிதழோ பயன்பாட்டுச் சான்றிதழோ இருந்தே தீரவேண்டும். இணக்கமின்மைச் சான்றிதழ் செல்லாது. இவ்வேறுபாட்டைச் சட்டநூல்கள் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. ஆனால் இதுவே இச்சட்டத்தின் மிக நேர்மையான பகுதி எனத் தோன்றுகிறது. வாங்கியவருக்கு வேலியை மாற்றும் உரிமை உண்டு; அவர் அன்றே தச்சரை அழைக்கலாம். வாடகைக்குக் குடியிருப்பவர் பிறர் சொத்தில் ஆணி அடிக்கவும் இசைவு கேட்க வேண்டியவர். கதவின் கீல் தளர்ந்தால் அவர் செய்யக்கூடியது உரிமையாளருக்கு எழுதுவதும் காத்திருப்பதும்தான். சீர்செய்யும் ஆற்றலற்றவரிடம் குறையை ஒப்படைக்கக்கூடாது என்னும் கொள்கை இவ்விதியில் சொல்லாமல் சொல்லப்பட்டுள்ளது.

சான்றிதழ் எதற்குச் சான்று?

இணக்கம் என்னும் சொல் இங்குக் கவனத்திற்குரியது. நியூ சவுத் வேல்ஸில் ஒரு குளம் அது கட்டப்பட்ட காலத்தின் விதிக்கு இணங்கியிருந்தால் போதும். 1990 ஆகஸ்ட் 1க்கு முந்தியது ஒரு விதி; 2008 ஆகஸ்ட் வரையிலானது 1986ஆம் ஆண்டுத் தரம்; 2013 ஏப்ரல் வரை 2007ஆம் ஆண்டுத் தரம்; 2013 மே 1 முதல் 2012ஆம் ஆண்டுத் தரம். எனவே அடுத்தடுத்த இரு வீடுகள் ஒரே வகைச் சான்றிதழைப் பெற்றிருக்கலாம். ஒன்றில் நாற்புற வேலி இருக்கும், மற்றொன்றில் வீட்டுச் சுவரே நான்காம் பக்கமாக இருக்கும். மருத்துவ ஆய்வுகள் மிகத் தெளிவாகப் பிரித்துக்காட்டிய இரு நிலைகளையும் சான்றிதழ் ஒரே சொல்லால் அழைக்கிறது. வாங்குபவர் அதனைப் பாதுகாப்புக்கான உறுதிமொழியாகப் படிக்கிறார். 1992இல் அரசியல் தந்த விலக்கு, 2016இல் அரசு முத்திரையுடன் கூடிய தாளாக வாங்குபவரின் கைக்கு வந்து சேர்கிறது.

காலமும் இதில் ஒரு சிக்கல். தானே மூடும் கதவு என்பது அசையும் பொறி. கீலின் வில் தளர்கிறது. மண் இறங்கினால் கம்பம் சாய்ந்து தாழ்ப்பாள் அரைவிரல் அளவு விலகுகிறது. விருந்தினர் வரும் நாளில் கதவைத் திறந்துவைக்க நாற்காலியோ செங்கல்லோ முட்டுக்கொடுக்கப்படுகிறது. வேலியருகே வைத்த பூந்தொட்டி ஏணியாகிறது. நியூ சவுத் வேல்ஸின் குழந்தை இறப்பு மறுஆய்வுக் குழு ஆராய்ந்த குள இறப்புகளில், பழுதான அல்லது திறந்துவைக்கப்பட்ட கதவு திரும்பத் திரும்ப வருவது தற்செயலன்று. ஆய்வாளர் வந்த நாளில் வேலி எவ்வாறிருந்தது என்பதற்கே சான்றிதழ் சான்று. அத்தாள் மூன்றாண்டு செல்கிறது, கீலின் வில்லுக்கு அத்தகைய உறுதி எதுவும் இல்லை.

கைமாறாத வீடு

கைமாற்றத்தைச் சோதனையின் தருணமாக்கிய சட்டத்திற்கு, கைமாறாத வீடு குருட்டுப்புள்ளி. குளமுள்ள வீட்டில் நாற்பதாண்டாக வாழும் தாத்தா பாட்டியின் இல்லம் இதற்கு எடுத்துக்காட்டு. அங்கே அன்றாடம் குழந்தை இல்லை. ஆகவே கதவைச் சோதிக்கும் பழக்கமும் இல்லை. விடுமுறையில் பேரக்குழந்தை வருகிறது. குளம் இருப்பதே அதற்குப் புதிது. 1990இல் அரசு நேரடியாக அணுக முயன்று தோற்றது இத்தகைய உரிமையாளர்களிடமே. விற்பனை வழியாகச் சுற்றிவந்த சட்டம் மீண்டும் இவர்களின் வாயிலருகே வந்து நின்றுவிடுகிறது.

பிற நாடுகளும் மாநிலங்களும் இவ்விடைவெளியை வெவ்வேறாக எதிர்கொண்டன. பிரான்ஸ் 2003 ஜனவரி 3ஆம் நாள் இயற்றிய சட்டம், தரையில் பதித்த தனியார் குளங்களுக்கு வேலி, எச்சரிக்கை ஒலிப்பான், மூடி, கூடாரம் ஆகிய நான்கனுள் ஒன்றைக் கட்டாயமாக்கியது. புதிய குளங்களுக்கு 2004 ஜனவரி 1, பருவகால வாடகை வீடுகளுக்கு 2004 மே 1, ஏனைய பழைய குளங்களுக்கு 2006 ஜனவரி 1 என நாள் குறித்தது. வாடகை வீடுகளை முன்னே நிறுத்தியபோதும் எவரையும் வெளியே விடவில்லை. ஆனால் எச்சரிக்கை ஒலிப்பானையும் வேலியையும் ஒரே தட்டில் வைத்தது. ஒலிப்பான் குழந்தை நீரைத் தொட்ட பின்னரே பேசத் தொடங்கும் கருவியாக இருக்கக்கூடும் என்பதால் இச்சமன்பாடு ஏற்கத்தக்கதன்று. நியூசிலாந்து 1987ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கி, 2017 ஜனவரி 1 முதல் இல்லக் குளங்களுக்கு மூன்றாண்டுக்கு ஒருமுறை சோதனை என்னும் முறைக்கு மாறியது. விக்டோரியா மாநிலம் 2019 டிசம்பரில் பதிவேட்டைத் தொடங்கி, நான்காண்டுக்கு ஒருமுறை சான்றிதழ் என்றது. குளத்தின் வயதிற்கேற்ப முதல் சான்றிதழுக்கான நாட்களை 2022, 2023, 2024 ஆகிய ஆண்டுகளின் ஜூன் 1 என வகுத்து, மிகப் பழைய குளங்களை முதலில் நிறுத்தியது. இவ்விரு முறைகளிலும் விற்பனை ஒரு பொருட்டன்று. நாட்காட்டியே ஆய்வாளரை அனுப்புகிறது. இதற்காகும் செலவு மிகுதி, எதிர்ப்பும் இருந்தது. எனினும் வீட்டில் வாழ்பவர் எவராயினும் அவரது கதவின் கீல் ஒருநாள் சோதிக்கப்படும்.

நியூ சவுத் வேல்ஸில் 1990க்கு முன் கட்டப்பட்ட குளத்துடன், அன்றுதொட்டு ஒரே குடும்பம் வாழ்ந்துவரும் வீடு ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். உள்ளாட்சி மன்றத்தின் ஆய்வுத் திட்டமோ அண்டை வீட்டாரின் புகாரோ அவ்வீட்டை எட்டாதவரை, 2012ஆம் ஆண்டுச் சட்டம் அக்குளத்தைப் பற்றிப் பெற்றுள்ள ஒரே செய்தி, பதிவு செய்யும்போது உரிமையாளர் தாமே சரிபார்ப்புப் பட்டியலைப் பார்த்து, தாம் அறிந்தவரையில் வேலி விதிகளுக்கு இணங்கியுள்ளது என இணையப் படிவத்தில் அளித்த கூற்றாகும்.